பேசியவர் பட்டியல்

இங்கே உட்காருங்கள் அக்கா, பையை நகர்த்திவிடுகிறேன். இல்லை, இல்லை, பாப்பாவை நானே வைத்துக்கொள்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கை அழுக்கு என்று சொல்லவில்லை. ஏறும்போது அந்தக் கம்பியைப் பிடித்தீர்கள் இல்லையா, அதைக் காலையிலிருந்து ஒரு நானூறு பேராவது பிடித்திருப்பார்கள். அதில் ஒருத்தருக்காவது சளி இருக்கும். இவளுக்கு ஏழு மாதம்தான். பெயர் தாரகை. தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். முழித்திருக்கும்போதும் பார்ப்பேன். பயந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயம் வேறு, முன்ஜாக்கிரதை வேறு.

நீங்களும் தூத்துக்குடிதானா? நல்லதாகப் போயிற்று. ஒரு மணி நேரம், பேச்சுத் துணை.

இதுவா? பொன்னாடை. பெண்ணியத்துக்காகப் போட்டது. ஐயோ, எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. அதோ, டிரைவருக்குப் பின்னால், மடியில் கேடயத்தை வைத்துக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான். ரீகன். பால் கொடுக்கும்போது மூடிக்கொள்ள இது நல்ல வசதியாக இருக்கிறது. சரிகை குத்தும் என்று திருப்பிப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்த அரங்கத்தில் நடந்ததிலேயே எனக்கும் இவளுக்கும் உபயோகமானது இது ஒன்றுதான்.

சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று தெரியாததால் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து விண்வெளிப் படம் என்றால் உயிர். ராக்கெட், வேற்றுக்கிரகம், இயந்திர மனிதன் எது வந்தாலும் பார்ப்பேன். ஆனால் சும்மா பார்க்க மாட்டேன், எண்ணுவேன். அது பள்ளிக்கூடப் பழக்கம். கான்வென்டில் டீச்சர் வகுப்பில் இல்லாதபோது லீடர் போர்டில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவாள் இல்லையா? ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அந்த லீடர் நான்தான். ஒரு தடவை பேசினால் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே போடுவேன். என் பெயர் ஒரு நாளும் அந்தப் போர்டில் வந்ததில்லை. ஐந்து வருடமும் அமைதிக்கான பரிசு எனக்குத்தான். ஒரு வருடம் பரிசை வாங்கிக்கொண்டு தெரியாமல் நன்றி சொல்லிவிட்டேன். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்தார்கள்.

அதே மாதிரிதான் படத்திலும். கதாநாயகி வாயைத் திறந்தால் இந்த நோட்டில் ஒரு கோடு. நூற்றுப் பதினேழு படம் இருக்கிறது இதில். ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பூமி அழிகிறது. மனித குலத்தைக் காப்பாற்றப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து ஒரு விண்கலத்தில் அனுப்புகிறார்கள். பன்னிரண்டில் பதினொரு பேர் ஆண்கள். நான் இரண்டு தடவை எண்ணினேன். மனித குலம் எப்படி அக்கா பிழைக்கும்? அந்த ஒருத்தி என்ன செய்வாள், பாவம்? அதை அந்தக் கலத்தில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. அவளும் சாதாரணப் பெண் இல்லை. டாக்டர், விஞ்ஞானி, மூன்று பட்டம். படம் இரண்டே கால் மணி நேரம். அவள் பேசுவது மூன்று வாக்கியம். “அது என்ன?” “ஜாக்கிரதை!” கடைசியில், “நீங்க வந்துருவீங்கன்னு எனக்குத் தெரியும்.” நடுவில் ஒரு பூனையிடம் கொஞ்சம் பேசுகிறாள். பூனையிடம் பேசியதை நான் சேர்ப்பதில்லை.

விளையாட்டும் அப்படித்தான். செல்போனில் ஆடுவேன், பால் கொடுக்கும்போது ஒரு கை சும்மாதானே இருக்கிறது. வாள் சண்டை விளையாட்டு. அதில் ஆண் வீரன் ஒவ்வொரு நிலை ஏறும்போதும் உடம்பில் ஓர் இரும்புத் தகடு கூடும். கடைசியில் பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி வருவான். வீராங்கனைக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தகடு குறையும். நான் முப்பத்தெட்டாம் நிலையில் இருக்கிறேன். என் வீராங்கனையை எதிரி கொல்ல வேண்டாம், சளிக்காய்ச்சலே போதும். எங்கள் சிஸ்டர் மர ஸ்கேலை வைத்துப் பாவாடை அளப்பார்கள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். அந்தக் கவசத்தோடு அசெம்பிளிக்குப் போனால் அப்பாவுக்குப் போன் போய்விடும்.

இதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். ‘ஜெனிட்டாவின் ஜன்னல்’ என்று முகநூலில் ஒரு பக்கம். நாற்பத்தொரு பேர் படித்தார்கள், அதில் பதினொரு பேர் என் சொந்தக்காரர்கள். ஒருத்தர், “அக்கா, மீன் குழம்பு செய்முறை போடுங்க” என்பார். இன்னொருத்தர், “இந்தப் படம் உங்களுக்குப் புரிஞ்சுதா? யாரு சொல்லிக் குடுத்தா?” என்பார். அதெல்லாம் பரவாயில்லை. ஒருவன் எங்கள் தெருப் பெயரை எழுதினான். வேறொன்றும் எழுதவில்லை. தெருப் பெயர், பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை முகம். அப்போது இவள் வயிற்றில் ஐந்து மாதம். அன்றைக்கே அந்தப் பக்கத்தை மூடினேன். வீட்டு ஜன்னலையும் மூடினேன். மே மாதம், தூத்துக்குடி வெயில். மூன்று நாள் மூடியே வைத்திருந்தேன்.

அப்புறம் ‘கமாண்டர் கதிர்’ என்று வேறொரு பக்கம் திறந்தேன். படத்துக்கு ஒரு ஹெல்மெட். பழைய கட்டுரையை அப்படியே போட்டேன் அக்கா, ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றவில்லை. “அண்ணே, பெண்களைப் பத்தி ஒரு பெண்கூட இப்படி யோசிச்சதில்ல” என்று எழுதுகிறார்கள். “கமாண்டர், நீங்க ஆண்களின் மனசாட்சி” என்கிறார்கள். ஆறு மாதத்தில் பதினெட்டாயிரம் பேர். மீன் குழம்பு கேட்க ஒருவரும் இல்லை.

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சினிமா சங்கத்தார் எழுதினார்கள். கருத்தரங்கம். ‘எதிர்காலத்தில் பெண்’ என்று தலைப்பு. கமாண்டர் நேரில் வந்து கட்டுரை வாசிக்க வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றால் அந்தத் தெருப்பெயர்க்காரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். அப்படித்தான் தோன்றியது. இவரிடம் சொன்னேன். “எனக்கு அந்தப் படம்லாம் பாத்தா பத்தாவது நிமிஷம் தூக்கம்லா வரும்?” என்றார். உண்மைதான். இவருக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் என்றால் இவருக்குக் கண்டெய்னர். ஆனால் மறுக்கவில்லை. நல்ல மனிதர். கேட்டால் காய்கூட நறுக்கித் தருவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசிப்பது அவருக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பார். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அந்தக் குரலில் கேட்டபோது என் கட்டுரையா இது என்று எனக்கே மேல் சிலிர்த்தது. கடைசி வரியை முடித்தார், தாளைத் தாழ்த்தினார், பழக்கத்தில், “இது ஆண்டவரின் அருள்வாக்கு” என்றுவிட்டார். நானும், “இறைவா உமக்கு நன்றி” என்றுவிட்டேன். நான் எழுதிய கட்டுரைக்கு, அக்கா!

இன்று காலை போனோம். வாசலில் பெரிய பேனர். அதில் இரும்பால் செய்த ஒரு பெண். மற்றதெல்லாம் இரும்பு, இடுப்பில் மட்டும் இரும்பு இல்லை. மேடையில் ஐந்து நாற்காலி. எதிர்காலத்துப் பெண்ணைப் பற்றிப் பேச ஐந்து ஆண்கள். பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்தார். “மேடம், குழந்தை உள்ள இருந்தா ரெக்கார்டிங் கெட்டுப்போயிரும்” என்றார். தலையாட்டினேன். என்னையும் இவளையும் பழைய கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருந்த ஓர் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். வராந்தாவில் ஒலிபெருக்கி இருந்தது, எல்லாம் நன்றாகக் கேட்கும். இவர் மேடைக்குக் கிளம்பினார். பாப்பாவின் சாமான் இருந்த நீலப் பை அவர் தோளிலேயே போனது, நான் கவனிக்கவில்லை. “ஜாக்கிரதையா பேசுங்க” என்றேன்.

பிரமாதமாக வாசித்தார். பன்னிரண்டு பேர் விண்கலம் வந்தபோது அரங்கமே சிரித்தது. பீரோவுக்குக் கை தட்டினார்கள். நான் இருட்டில், செத்துப்போன மானிட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டேன். கடைசி வரி முடிந்ததும் ஒரு நொடி மூச்சைப் பிடித்தேன். நல்லவேளை, ஆண்டவரின் அருள்வாக்கு என்று சொல்லவில்லை.

அதன் பிறகு கேள்வி நேரம். அதற்கு ஒத்திகை பார்க்கவில்லையே. ஒரு மாணவி எழுந்தாள். குரலிலேயே தெரிந்தது, கெட்டிக்காரி. “சார், ஆறு மாசப் பயணம்னு காட்டுறாங்க. மாதவிடாய் பத்தி ஒரு படமாவது யோசிச்சிருக்கா?” என்றாள். அருமையான கேள்வி. அதைப் பற்றி நான் ஒரு தனிக் கட்டுரையே எழுதிப் பாதியில் வைத்திருக்கிறேன். இவர் தொண்டையைக் கனைத்தார். “அது வந்தும்மா, எதிர்காலத்துல அதெல்லாம் இருக்காது. விஞ்ஞானம் வளந்துரும்லா” என்றார்.

மேடையில் இருந்த மற்ற நாலு பேரும் கை தட்டினார்கள்.

நான் போனை எடுத்தேன். ஒரு கையில் இவள், ஒரு கையில் போன். அடித்து அனுப்பினேன்: ‘சரியான கேள்வி. ஆறு மாதத்துக்குத் தண்ணீர், காற்று, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் அந்தக் கலத்தில் அறை ஒதுக்கியவர்கள் அவள் ரத்தத்துக்கு ஓர் அலமாரிகூட ஒதுக்கவில்லை. அவளை ஆளாக ஏற்றவில்லை, சாமானாக ஏற்றியிருக்கிறார்கள்.’ அனுப்பி முடிக்கவும் இவள் ஆய் போகவும் சரியாக இருந்தது. கைப்பையைத் திறந்தால் டயப்பர் இல்லை. உடனே இன்னொரு செய்தி அனுப்பினேன்.

இவர், “ஒரு நிமிஷம், என் குறிப்பைப் பாத்துக்கிடுதேன்” என்று போனை எடுத்தார். பூசைக் குரலில் வாசித்தார். ரத்தம், அலமாரி, சாமான். நிறுத்தாமல் அதே குரலில் வாசித்தார்: “டயப்பர் தீர்ந்துவிட்டது. நீலப் பையை எங்கே வைத்தீர்கள்?”

முடிந்தது, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். தலைமை தாங்கிய பேராசிரியர் மைக்கை வாங்கினார். “நண்பர்களே, கவனிச்சீங்களா?” என்றார். “டயப்பர் தீர்ந்துவிட்டது. அதாவது மனித குலத்தின் குழந்தைப் பருவம் முடிந்துவிட்டது. நீலப் பை எங்கே? நீலம் எது? பூமி! பூமியை எங்கே தொலைத்தீர்கள் என்று நம் எல்லாரையும் பார்த்துக் கேட்கிறார் கமாண்டர்.”

எழுந்து நின்று கை தட்டினார்கள். நீலப் பை மேடையில் இவர் நாற்காலிக்கு அடியில் இருந்தது. நான் என் துப்பட்டாவை மடித்து இவளுக்குக் கட்டிவிட்டேன்.

அப்புறம் அந்தப் பேராசிரியரே கேட்டார், பெண் மனதை இவ்வளவு நுட்பமாக எப்படிப் பிடித்தீர்கள், வீட்டில் அவர்கள் உதவுவார்களா என்று. இவர் சொன்னார்: “எங்க வீட்ல அவங்களுக்கு இந்தப் படம், கேம் இதுலல்லாம் ஆர்வம் கிடையாது சார். ரொம்ப அமைதி. பேசவே மாட்டாங்க. அதான் அவங்களுக்கும் சேத்து நான் பேசுதேன்.”

அதற்குத்தான் அக்கா கை தட்டல் அதிகம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்ல முடியாது என்றுதானே பேசி வைத்திருந்தோம்? நான் அமைதி என்பதும் பொய் இல்லை. சான்றிதழே இருக்கிறது, ஐந்து.

கூட்டம் முடிந்ததும் பேச்சாளர்களைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். பிரியாணி. ஒன்றரை மணி நேரம். பேட்ஜ்காரர் என்னை அங்கே வைத்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது. கைப்பையில் இரண்டு பிஸ்கட் இருந்தது. இவளிடம் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் இவர் ஓடி வந்தார், முகமெல்லாம் வேர்வை. “ஐயோ ஜெனி, அவனுவ விடவே இல்லட்டி” என்றார். “நீங்க வந்துருவீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றேன். கையில் தாள் சுற்றி ஏதோ வைத்திருந்தார். “அது என்ன?” என்றேன். கேடயம். பிரித்துக் காட்டினார். பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். “எல்லாம் உனக்குத்தான்” என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா?

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்? சரி, விடுங்கள். சிரிப்பான கதைதான்.

இனிமேல்தான் விஷயம். அந்தச் சாப்பாட்டில் ஒரு பதிப்பாளர் இருந்திருக்கிறார். கமாண்டரின் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறாராம். ஆனால் ஹெல்மெட் போட்ட புத்தகம் விற்காதாம். அட்டையில் உண்மைப் பெயர், உண்மை முகம் வேண்டும். அதாவது இவர் பெயர், இவர் முகம். நாளைக்கு அட்டை அச்சுக்குப் போகிறது. இன்றைக்கு ஆறு மணிக்குள் பக்கத்தின் மின்னஞ்சலிலிருந்து சம்மதக் கடிதம் போக வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து விளக்கமாகச் சொன்னார். “உன் பேரு போட்டா என்னாகும்னு யோசி. அந்தப் பய மாதிரி நூறு பேரு தெருப்பேரை எழுதுவானுவ. இப்பம் பாப்பா இருக்கா. என் பேருன்னா எவனும் கிட்ட வரமாட்டான். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.” சரியாகத்தானே சொல்கிறார்? ராஜா மாதிரி சொன்னார். நான் தலையாட்டினேன். பஸ் வந்துவிட்டது, அவருக்கு முன்னால் இடம் கிடைத்தது. இந்த வல்லநாட்டு மலை தாண்டும்வரை இவர் போனில் சிக்னல் வராது. தாண்டியதும் கேட்பார். கொடுத்துவிட வேண்டியதுதான். யார் பெயரில் வந்தால் என்ன, கருத்துதானே முக்கியம்? பெண்களுக்குக் குரல் வேண்டும் என்று புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறேன். அது நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா?

இருங்கள், அந்தப் படத்தின் பக்கத்தைக் காட்டுகிறேன். பன்னிரண்டு பேர் போனார்களே, அது. நீங்கள் நம்பமாட்டீர்கள், மூன்றே வாக்கியம். இதோ, என் கையெழுத்து. அது என்ன. ஜாக்கிரதை. நீங்க வந்துருவீங்கன்னு…

என்ன அக்கா?

இல்லை. ஒன்றுமில்லை. இருங்கள்.

காலையில் இவர் மேடைக்குப் போகும்போது ஜாக்கிரதையா பேசுங்க என்றேன். அப்புறம் வந்துருவீங்கன்னு தெரியும் என்றேன். அப்புறம் கேடயத்தைப் பார்த்து…

வேறு ஏதாவது பேசியிருப்பேன். காலையிலிருந்து பஸ் ஏறும்வரை இவ்வளவு நேரம், கண்டிப்பாகப் பேசியிருப்பேன். பேட்ஜ்காரரிடம்? தலைதான் ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டில்? அங்கேயும் தலைதான். போனில் எழுதியது? அதை நான் எழுதினேன், பேசியது அவர். பாப்பாவிடம் பேசினேனே, ஒன்றரை மணி நேரம் பேசினேனே! ஆனால் பூனையைச் சேர்க்கவில்லையே அக்கா. அவளுக்குச் சேர்க்காததை எனக்கு மட்டும் எப்படிச் சேர்ப்பது?

இதற்குத்தான் சிரித்தீர்களா?

மலை தாண்டிவிட்டது. பார்த்தீர்களா, போனைத் தூக்கிப் பிடிக்கிறார். திரும்புகிறார். ஐயோ, அங்கிருந்தே கத்துகிறார்.

“ஜெனி! சிக்னல் வந்துட்டு. பாஸ்வேர்டச் சொல்லு!”

எல்லாரும் பார்க்கிறார்கள். கண்டக்டர்கூடப் பார்க்கிறார். இதில் அவன் இருந்தால்? தெருப் பெயர் எழுதியவன் இந்த பஸ்ஸிலேயே இருந்தால்? இருக்கட்டும். இருந்தால் அவனும் கேட்கட்டும்.

“பாஸ்வேர்டு என்னோடது!”

ஐயோ, சத்தமாகச் சொல்லிவிட்டேனா? பாப்பா முழித்துவிட்டாள். இவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, காதில் கையை வைக்கிறார்.

“தர மாட்டேன்!”

கண்டக்டர் அண்ணாச்சி, ஒன்றும் இல்லை, விசில் அடிக்காதீர்கள். யாரும் இறங்கவில்லை.

அக்கா, இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? பரவாயில்லை, கம்பியைப் பிடித்த கை என்றாலும் பரவாயில்லை. கழுத்துக்குக் கீழே கை கொடுங்கள், அவ்வளவுதான். பேனா இங்கேதான் இருந்தது. பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணலாக வரும். வரட்டும். பேசியவர்: ஜெனிட்டா. ஒன்று, இரண்டு, மூன்று, அதெல்லாம் முன்னாலேயே பேசியது. இது நாலு. ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும்.

இவர் எழுந்து வருகிறார். வரட்டும் அக்கா. இந்த நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது.